கடலூர், புதுச்சேரியிலிருந்து ஓ-பேராகப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்களுடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியைக் கற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஓ-பேர் என்று பெயர். நான் கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண். ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஃப்ரைபுர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஓராண்டு இப்படி இருந்தேன். இப்போது புதுச்சேரியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் மாணவிகள் கேட்பதையும், அவர்களை அழைத்துப்போக வண்டியோடு வரும் அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று கேட்பதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். விதிகளும் தொகைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் தூதரக இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஓ-பேர் என்றால் வீட்டு வேலைக்காரிதானே?

அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. இல்லை. ஐரோப்பிய கவுன்சில் 1969-இல் ஸ்ட்ராஸ்பூர் நகரில் கொண்டுவந்த உடன்பாடே, ஓ-பேராக வருபவரை மாணவர் என்றும் சொல்லாமல் தொழிலாளி என்றும் சொல்லாமல், இரண்டின் சாயலும் உள்ள தனி வகையாக வைத்தது. பிள்ளைகளை எழுப்பிச் சாப்பிட வைப்பது, பள்ளிக்கு அழைத்துப்போவது, சேர்ந்து விளையாடுவது, அவர்கள் துணிகளை மடித்து வைப்பது, சாப்பிட்ட தட்டுகளைப் பாத்திரம் கழுவும் மெஷினில் அடுக்குவது போன்றவை உங்கள் வேலை. வீடு முழுவதும் தரை துடைப்பதும், படுக்கையில் கிடக்கும் பெரியவரைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்பில் வராது. சாப்பாடு குடும்பத்தோடு ஒரே மேசையில். தங்குவதற்குக் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய தனி அறை. ஜெர்மனியில் அந்த அறை குறைந்தது 8 சதுர மீட்டர் இருக்க வேண்டும், ஜன்னல் இருக்க வேண்டும், குளிர்காலத்தில் சூடாக்கும் வசதி இருக்க வேண்டும்.

ஆனாலும் அந்த அம்மாக்களின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். ஓய்வு நாளைப் பிடுங்கிக்கொண்டால் ஓ-பேர் அன்றைக்கே வேலைக்காரி ஆகிவிடுவாள். வார இறுதியைப் பற்றிக் கீழே இவ்வளவு விரிவாக எழுதியிருப்பதற்கு அதுதான் காரணம்.

எந்த நாட்டுக்குப் போகலாம்? வயது என்ன, பணம் எவ்வளவு?

எங்கள் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் ஜெர்மனியையும் பிரான்ஸையும்தான் பார்க்கிறார்கள். ஜெர்மனிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும், விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது 27 ஆகியிருக்கக் கூடாது. வாரத்துக்கு அதிகபட்சம் 30 மணி நேரம், ஒரு நாளைக்கு 6 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்காகத் தனியே மாதம் 70 யூரோ. மருத்துவக் காப்பீட்டை அந்தக் குடும்பம் கட்டும். ஓராண்டு இருந்தால் நான்கு வார விடுப்பு, அதற்கும் கைச்செலவுப் பணம் உண்டு. ஜெர்மனிக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் ஓ-பேராகப் போக முடியும். எனவே அவசரப்பட்டு ஆறு மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், முழு ஆண்டாகக் கேளுங்கள்.

பிரான்ஸில் 18 முதல் 30 வயதுக்குள். வாரத்துக்கு 25 மணி நேரம்தான், கைச்செலவு குறைந்தது 320 யூரோ. ஓராண்டு முடிந்ததும் இன்னும் ஓராண்டு நீட்டிக்கலாம். நெதர்லாந்தில் 25 வயது வரை, அதுவும் அரசு அங்கீகரித்த ஏஜென்சி மூலமாக மட்டும். அமெரிக்காவில் வாரம் 195.75 டாலர் என்று கேட்டதும் பலருக்குக் கண் விரிகிறது. அங்கே வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நார்வே 2024-இல் இந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. நார்வேக்கு அனுப்புகிறேன் என்று இன்னும் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாரிஸில் சித்தப்பா குடும்பம் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கே ஓ-பேராகப் போகலாமா?

புதுச்சேரியில் இது தெருவுக்குத் தெரு வரும் கேள்வி. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களும், பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பங்களும் இங்கே நிறைய. ஆனால் உறவினர் வீட்டுக்கு ஓ-பேராகப் போக முடியாது. ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் இதுதான் விதி. ஜெர்மனியில் இன்னொன்றும் உண்டு. அந்த வீட்டில் ஜெர்மன் பேசப்பட வேண்டும். ஜெர்மன் அவர்களுக்குத் தாய்மொழியாக இல்லாவிட்டால், அவர்கள் பிறந்த நாட்டிலிருந்தே ஓ-பேரை வரவழைக்க முடியாது. அதாவது, அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம் தமிழ்ப் பெண்ணை இந்த வழியில் அழைத்துக்கொள்ள முடியாது. சித்தப்பா வீடு உங்களுக்கு வார இறுதியில் போய்ச் சாப்பிட்டு வருவதற்கான இடம். அதுவே பெரிய பாக்கியம்தான்.

மொழி எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

ஜெர்மனிக்கு மொழித் தேர்வுகளில் முதல் படியான ஏ1 தேர்ச்சி போதும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதிகள், நூற்றுக்கு 60 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. தேர்வை சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள ஜெர்மன் மொழி நிறுவனமான கோத்தே இன்ஸ்டிட்யூட்டில் எழுதலாம். பிரான்ஸுக்கு அடிப்படைப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் அல்லது பள்ளிப் படிப்பை முடித்ததற்கான சான்று காட்ட வேண்டும். 1889-இல் தொடங்கிய, பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் புதுச்சேரி சுஃப்ரேன் வீதியில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் போவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

தேர்வில் தேறுவதும் நான்கு வயதுப் பிள்ளையோடு பேசுவதும் வேறு வேறு. "வேண்டாம், என்னுடையது, வலிக்கிறது, மூச்சா வருகிறது" என்ற நான்கையும் பிள்ளை மொழியில் காதால் பிடித்துவிட்டால் முதல் மாதத்தைக் கடந்துவிடலாம். பிள்ளைகளுக்கான ஜெர்மன் நிகழ்ச்சிகளை இங்கிருக்கும்போதே தினமும் கேட்கத் தொடங்குங்கள்.

விசாவுக்கு என்னென்ன வேண்டும்?

பாஸ்போர்ட், மொழிச் சான்றிதழ், குடும்பத்தோடு போட்ட ஒப்பந்தம், காப்பீட்டுச் சான்று, ஏன் போகிறீர்கள் என்று நீங்களே எழுதிய கடிதம். கடிதத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டாதீர்கள். தூதரகத்தில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை என்பது எங்கள் மாவட்டத்தில் சர்வசாதாரணம். அதை முதலில் சரிசெய்யுங்கள், எல்லாவற்றையும்விட அதற்குத்தான் நாளாகும். ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிரான்ஸில் மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும்.

ஏஜெண்ட் லட்சக்கணக்கில் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. குடும்பத்தை நீங்களே ஓ-பேர் இணையதளங்களில் தேடிக்கொள்ளலாம். அதற்குப் பொறுமைதான் செலவு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பப் பதிவு பெற்ற முகவர்களே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது என்பது இந்திய அரசின் விதி. அவர்கள் பட்டியல் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. மாதம் 280 யூரோ என்றால், யூரோவை நூறு ரூபாயாக வைத்தாலும் 28,000 ரூபாய். கடன் வாங்கி மூன்று லட்சம் கட்டிவிட்டுப் போகிற பெண், அங்கே என்ன கொடுமை நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டாள். கடன் அவள் வாயைக் கட்டிவிடும். பணத்தைவிட இதுதான் எனக்குப் பெரிய கவலை. அசல் பாஸ்போர்ட்டையும் அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

நல்ல குடும்பம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வீடியோ அழைப்பில் பேசும்போது, பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். அப்பா அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளை குறுக்கே விழுந்தால் அவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். உங்களுக்கு ஒதுக்கிய அறையைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே அறை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். முன்பு இருந்த ஓ-பேரின் எண்ணைக் கேளுங்கள். நல்ல குடும்பங்கள் அவர்களாகவே கொடுத்துவிடுகிறார்கள்.

பிறகு மூன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். ஒரு சாதாரண வாரத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை என் நேரம் எப்படி இருக்கும்? சனி ஞாயிறு எனக்கு எப்போதெல்லாம் கிடைக்கும்? ரயில் நிலையமோ பஸ் நிறுத்தமோ எவ்வளவு தூரம், கடைசி வண்டி எத்தனை மணிக்கு? மூன்றாவது கேள்வியை நம் பெண்கள் கேட்பதே இல்லை. வயல் நடுவே அழகான வீடு, குதிரை, ஆப்பிள் மரம் என்று படத்தில் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே ஓடாத கிராமத்தில் ஓய்வு நாள் கிடைத்து என்ன பயன்? பயண சீட்டுக்கு அவர்கள் உதவுவார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். பல குடும்பங்கள் வாங்கித் தருகின்றன.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு எழுந்தால் சமையலறை மேசையில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி. பிள்ளைகளின் டப்பாவில் ஆப்பிள் துண்டும் கேரட்டும். ஏழரைக்குள் புறப்பட வேண்டும். குளிர்காலத்தில் நான்கு வயதுப் பையனுக்கு உடுத்துவது ஒரு தனி வேலை: உள்ளே கம்பளிக் கால்சட்டை, அதன்மேல் தண்ணீர் புகாத சேற்றுக் கால்சட்டை, பூட்ஸ், பிறகு ஜாக்கெட், கழுத்துத் துணி, தொப்பி, கடைசியாகக் கையுறை. கையுறைக்குள் கட்டைவிரலைத் தேடிக் கொண்டிருக்கும்போது அவன் மூச்சா போக வேண்டும் என்பான். எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். மழலையர் பள்ளி வாசலில் வரிசையாகக் கொக்கிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்: நத்தை, தேனீ, இழுவை வண்டி. எந்தப் படம் நம் பிள்ளையுடையது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு நடுப்பகல் வரை உங்கள் நேரம். மொழி வகுப்பை அப்போது வைத்துக்கொள்ளலாம். பிற்பகலில் பிள்ளைகளை அழைத்துவந்து விளையாட்டுத் திடல், மழையோ பனியோ அதற்கு விலக்கு இல்லை. நம் ஊரில் சளி பிடிக்கும் என்று உள்ளே இழுத்துப் பூட்டுவோம். அவர்கள் சரியான உடை போட்டு வெளியே விடுகிறார்கள். ஏழு, ஏழரைக்கெல்லாம் கதை படித்துப் படுக்க வைத்துவிடுவார்கள். அதற்குப் பின் வீடு அமைதியாகிவிடும். வாரத்தில் நான்கு மாலைகளாவது உங்களுக்கு விடுதலை என்பது ஜெர்மன் விதி.

பிள்ளை சொல்பேச்சு கேட்காவிட்டால் லேசாகத் தட்டலாமா?

கூடவே கூடாது. ஜெர்மனியில் 2000-ஆம் ஆண்டிலிருந்தும் பிரான்ஸில் 2019-இலிருந்தும், பிள்ளையை அடிக்காமல் வளர்க்க வேண்டும் என்பது சட்டம். காதைத் திருகுவதும், பூச்சாண்டி வருவான் என்று மிரட்டுவதும் வேண்டாம். குனிந்து, பிள்ளையின் கண் உயரத்துக்கு வந்து, மெதுவான குரலில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அங்கேயே காத்திருங்கள். பிடிவாதம் எல்லை மீறினால் அம்மா அப்பாவிடம் அன்று மாலையே சொல்லிவிடுங்கள். மறைத்தால் பழி உங்கள் மேல் வரும்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

மதியம் ஒருவேளைதான் சூடான உணவு இருக்கும். இரவில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் வழக்கம். சைவம் என்றால் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள், அங்கே அது புதுமையில்லை. சாம்பார்ப் பொடி, புளி, பெருங்காயம் எடுத்துப்போங்கள். பெருங்காயத்தை இரண்டு டப்பாவுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் வீடே மணக்கும். குடும்பத்துக்காக ஒரு நாள் தோசை சுட்டுப் போடுங்கள். நான் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் இருவரும் தோசையில் ஆப்பிள் ஜாம் தடவித் தின்றார்கள், நான் தடுக்கவில்லை.

வார இறுதி உண்மையிலேயே என்னுடையதா? சனிக்கிழமை உதவிக்குக் கூப்பிட்டால் எப்படி மறுப்பது?

உங்களுடையதுதான். ஜெர்மனியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு, மாதத்தில் குறைந்தது ஒரு ஞாயிறு முழுதாக. பிரான்ஸில் வாரம் ஒரு முழு நாள், நெதர்லாந்தில் இரண்டு நாள். இது ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்ட விஷயம். யாரும் உங்களுக்குத் தயவு செய்து தருவதில்லை.

நம் பெண்களுக்கு மறுத்துப் பேச வராது. விருந்தாளியாக வந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வேலை செய்தால் கை துறுதுறுவென்று இருக்கும். வீட்டில் இருந்தால் பிள்ளை அறைக் கதவைத் தட்டத்தான் செய்யும், அதனிடம் ஓய்வு நாள் என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. அதனால் சனிக்கிழமை காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டாலும் நிலையத்துக்குப் போய் வருகிற ரயிலில் ஏறுங்கள். வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதே "சனிக்கிழமை பாசெல் போகிறேன், இரவு ஒன்பதுக்கு வருவேன்" என்று சொல்லி வையுங்கள். திட்டம் போட்டிருக்கும் பெண்ணை யாரும் சட்டென்று வேலைக்குக் கூப்பிடுவதில்லை. ஏதாவது ஒரு சனிக்கிழமை உண்மையிலேயே அவர்களுக்கு அவசரம் என்றால் உதவுங்கள். அதற்கு ஈடாக எந்த நாள் தருவீர்கள் என்று அப்போதே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள்.

வெளியே போவது உல்லாசம் என்று நினைத்துக் குற்ற உணர்ச்சி வேண்டாம். டிக்கெட் கவுன்டரில், ரயில் தாமதத்தில், வழி தெரியாத தெருவில் பேசிய ஜெர்மன்தான் எனக்கு வகுப்பில் படித்ததைவிட நன்றாகத் தங்கியது. பிள்ளைகளோடும் திங்கட்கிழமை புதுத் தெம்போடு இருக்க முடிந்தது.

280 யூரோவில் ஊர் சுற்ற முடியுமா?

தாராளமாக. உணவும் அறையும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பு என்பதால் கையில் வருவதெல்லாம் உங்கள் பணம். முதல் செலவாக டாய்ச்லாண்ட் டிக்கெட் எடுத்துவிடுங்கள். 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கி, 2025-இல் 58 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. இந்த ஒரே சீட்டில் நாடு முழுவதும் உள்ளூர் ரயில், டிராம், மெட்ரோ, நகரப் பஸ் எல்லாவற்றிலும் மாதம் முழுவதும் ஏறி இறங்கலாம். அதிவேக ஐசிஇ, ஐசி ரயில்களில் செல்லாது. மெதுவான ரயில்தான், நான்கு மணி நேரத்தில் போவதற்கு ஏழு மணி நேரம் ஆகும். ஜன்னலோரம் உட்காரும் வயதில் அது பெரிய குறையில்லை. மாதச் சந்தா என்பதால், ஊருக்கு வரும் மாதத்தில் வேண்டாம் என்றால் அதற்கு முந்தைய மாதம் 10-ஆம் தேதிக்குள் நிறுத்திவிடுங்கள்.

தொலைபேசிச் செலவும் போனால் மாதம் 200 யூரோவுக்குக் கிட்ட மிஞ்சும். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். புளிச்சாதமும் வறுத்த உருளைக்கிழங்கும் ஒரு டப்பாவில் வைத்தால் மாலை வரை தாங்கும், வெளியே சாப்பிடும் காசு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும், நிலையத்து ரொட்டிக்கடைதான் கதி. பெரிய நிலையங்களில் கழிப்பறைக்கு ஒரு யூரோ கேட்பார்கள், சில்லறை வைத்திருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள், சூப்பர் மார்க்கெட் மெஷினில் திருப்பிப் போட்டால் 25 சென்ட் கிடைக்கும். இரவு தங்க வேண்டுமென்றால் இளைஞர் விடுதிகளில் பெண்களுக்கு மட்டுமான பொது அறைகள் உண்டு. இந்த விடுதிப் பழக்கமே ஜெர்மனியில் பிறந்ததுதான். 1912-இல் ஆல்டேனா ஊர்க் கோட்டையில் தொடங்கியது.

எங்கெல்லாம் போகலாம்?

எனக்கு நன்றாகத் தெரிந்த மூலையைப் பற்றிச் சொல்கிறேன். ஃப்ரைபுர்க் நகரத் தெருக்களின் ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஓடைகள் ஓடுகின்றன, பிள்ளைகள் நூல் கட்டிய மரப் படகுகளை அவற்றில் இழுத்துக்கொண்டு போவார்கள். தெரியாமல் அந்த ஓடையில் கால் வைத்துவிட்டால் அந்த ஊர்க்காரரைத்தான் கல்யாணம் செய்துகொள்வார்கள் என்பது அங்கே நிலவும் நம்பிக்கை. அந்த ஊர்ப் பெரிய தேவாலயத்தைச் சுற்றி ஞாயிறு தவிர தினமும் காலையில் சந்தை கூடும். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் கருங்காட்டு மலைக்குள் டிட்டிசே ஏரி. போகும் வழியில் ரயில் ஒரு பள்ளத்தாக்கின் மேல் உயரமான கல் பாலத்தைக் கடக்கும், வலது இடது இரண்டு பக்கமும் பார்க்கத் தோன்றும்.

தெற்கே ஒரு மணி நேரத்தில் பாசெல். அது சுவிட்சர்லாந்து. கோடையில் வேலை முடிந்து வருகிறவர்கள் உடையையும் செருப்பையும் தண்ணீர் புகாத பையில் சுருட்டிக் கட்டி, அந்தப் பையையே மிதவையாகப் பிடித்துக்கொண்டு ரைன் ஆற்றோடு மிதந்து போவார்கள். தேவனாம்பட்டினத்துக் கடலைப் பார்த்து வளர்ந்த நான், ஆற்றுக்குள் ஒரு ஊரே இறங்கிப் போவதைப் படிக்கட்டில் உட்கார்ந்து மாலை முழுவதும் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால் ஷாஃப்ஹவுசன் அருகே ரைன் அருவி: உயரம் 23 மீட்டர்தான், அகலம் 150 மீட்டர். குற்றாலம் போலத் தலையில் விழும் அருவியாக நினைத்துப் போகாதீர்கள், இரைச்சலுக்காகப் போங்கள்.

வடக்கே கேல் என்ற எல்லை ஊர். அங்கே ரைன் ஆற்றின் மேல் டிராம் ஓடுகிறது, 2017 முதல். ஏறினால் அடுத்த கரை பிரான்ஸ், சற்று நேரத்தில் ஸ்ட்ராஸ்பூர் நகர மையம். புதுச்சேரியில் நீல நிறப் பலகையில் 'ரூ' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, அங்கே தெருப் பெயரைப் பார்த்ததும் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். டிசம்பரில் போனால் 1570-இலிருந்து கூடிவரும் கிறிஸ்துமஸ் சந்தையைப் பார்க்கலாம்.

ஜெர்மனியின் மேற்குப் பக்கம் இருப்பவர்கள் ட்ரியர் வழியாக லக்சம்பர்க் போய் வாருங்கள். 2020-இலிருந்து அந்த நாட்டில் பஸ், டிராம், ரயில் எல்லாம் இலவசம். கொலோன் அருகே இருந்தால் பேராலயக் கோபுரத்தின் 533 படிகளையும் ஏறுங்கள். தெற்கே மியூனிக் பக்கம் இருப்பவர்களுக்கு டாய்ச்லாண்ட் டிக்கெட் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும்.

வேறு நாட்டுக்குள் போகத் தனி விசா வேண்டுமா?

ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய, ஷெங்கன் எனப்படும் 29 ஐரோப்பிய நாடுகளுக்குள் வேண்டாம். உங்கள் நீண்டகால விசாவோ தங்கும் அனுமதி அட்டையோ இருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றலாம். பாஸ்போர்ட்டையும் அட்டையையும் கையிலேயே வைத்திருங்கள், எல்லையில் ரயிலுக்குள் போலீஸ் ஏறிச் சோதிப்பது உண்டு. லண்டனுக்கும் அயர்லாந்துக்கும் இது செல்லாது, தனி விசா வேண்டும்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. மொபைல் ரோமிங் சலுகை அங்கே தானாக வராது. பாசெல் நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

பெண் தனியாக ரயிலில் ஊர் ஊராகப் போவது பாதுகாப்பா?

இதைக் கேட்கும் அப்பாக்களிடம் நான் பொறுமையாகப் பேசுவேன், ஏனென்றால் என் அப்பாவும் கேட்டார். பகலில் பயமே இல்லை. இரவில் பெரிய நிலையங்களைச் சுற்றி மட்டும் நிற்காமல் நடந்துவிட வேண்டும். திரும்பி வரும் கடைசி வண்டியைப் பார்த்துவைத்து, அதற்கு முந்தைய வண்டியில் வாருங்கள். ஜெர்மன் ரயில்கள் சொன்ன நேரத்துக்கு வரும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். போகும் இடத்தைக் குடும்பத்தாரிடமும் வீட்டிலும் சொல்லிவையுங்கள். ஐரோப்பா முழுவதும் அவசர எண் 112.

அப்பாக்களுக்கு: பெண் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போகாமல் அறையிலேயே இருக்கிறாள் என்று கேட்டால் நிம்மதி அடையாதீர்கள். ஏன் போகவில்லை என்று கேளுங்கள். உடல் சரியில்லையா, மனம் சரியில்லையா, அல்லது வேலை வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள்.

பிரான்ஸுக்குப் போனால்?

புதன்கிழமையை மனதில் வையுங்கள். பல தொடக்கப்பள்ளிகளில் புதன் முழுதாகவோ பாதியாகவோ விடுமுறை. ஓ-பேருக்கு வாரத்தின் கனமான நாள் அதுதான். மாலை நாலரைக்குப் பள்ளி விட்டதும் பிள்ளைக்கு ரொட்டியும் சாக்லேட்டும் கொடுப்பது அங்கே கண்டிப்பான வழக்கம், கையில் எடுத்துக்கொண்டே பள்ளி வாசலுக்குப் போங்கள்.

பயணத்துக்கு 12 முதல் 27 வயது வரை உள்ளவர்களுக்கான ரயில் சலுகை அட்டை, ஆண்டுக்கு 49 யூரோ, டிக்கெட்டில் 30 சதவீதம் குறையும். 26 வயதுக்குட்பட்டு அங்கே வசிப்பவர்களுக்குத் தேசிய அருங்காட்சியகங்கள் இலவசம், தங்கும் விசாவைக் காட்டினால் போதும். லூவ்ர் செவ்வாய்க்கிழமையும் ஓர்சே திங்கட்கிழமையும் மூடியிருக்கும்.

தமிழ்ச் சாமான், தமிழ்க் கோயில் எங்கே கிடைக்கும்?

பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பல். ஈழத்துத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும், முருங்கைக்காய் முதல் மல்லிகை வரை கிடைக்கும். அங்கேயே 1985-இலிருந்து மாணிக்க விநாயகர் கோயில். ஆகஸ்ட் இறுதி வாக்கில் தேர் வரும், சாலையில் தேங்காய் மலைபோல் குவித்து உடைப்பார்கள். ஜெர்மனியில் ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில், 2002-இல் குடமுழுக்கு நடந்தது, கோடையில் திருவிழா. வீட்டு நினைவு தாங்காத வாரத்தில் இந்த இரண்டில் ஒன்றுக்குப் போய்விடுங்கள்.

வீட்டு நினைவு மாலையில்தான் வரும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி. நீங்கள் வேலை முடித்து எட்டு மணிக்குப் போன் செய்தால் கடலூரில் நள்ளிரவு நெருங்கியிருக்கும். நடுப்பகல் ஓய்வில் பேசிப் பழகுங்கள். அம்மா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

குடும்பம் ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வந்துவிட வேண்டுமா?

தேவையில்லை. முதலில் பேசிப் பாருங்கள். எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்று ஒரு நோட்டில் தேதிவாரியாக எழுதிவையுங்கள், வாக்குவாதத்தில் அது கைகொடுக்கும். சரிவரவில்லை என்றால் ஒப்பந்தத்தில் உள்ளபடி முன்னறிவிப்புக் கொடுத்து வேறு குடும்பத்துக்கு மாறலாம். குடியேற்ற அலுவலகத்துக்கும் தெரிவித்துவிட வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் இரண்டாவது மாதத்தில் அப்படி மாறினாள். முதல் வீட்டில் ஞாயிறுகூட விடாமல் வேலை வாங்கினார்கள். இரண்டாவது வீட்டில் அவள் பிறந்த நாளுக்குப் பிள்ளைகளே கேக் செய்து கொடுத்தார்கள்.

அடிப்பது, தவறாகத் தொடுவது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது என்று ஏதாவது நடந்தால் பேச்சுவார்த்தையே வேண்டாம், அன்றே வெளியேறுங்கள். ஜெர்மனியில் பெண்களுக்கான உதவி எண் 116 016, பிரான்ஸில் 3919. இந்தியத் தூதரகம் பெர்லினிலும் பாரிஸிலும் இருக்கிறது. ஃப்ராங்ஃபர்ட், மியூனிக், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்கள் உண்டு. இந்த எண்களைப் புறப்படும் முன்பே காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள், போன் பறிபோனாலும் கையில் இருக்கும்.

வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். வீட்டுக் கடனை அடைக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு இது ஏற்ற வழியில்லை.

பையன்கள் போகலாமா?

போகலாம். விதிகள் ஒன்றேதான். குடும்பம் கிடைக்கச் சற்று நாளாகும். நீச்சலும் சைக்கிளும் தெரிந்த பையன்களை மூன்று ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகள் விரும்பி அழைக்கின்றன.

ஓராண்டு முடிந்ததும் என்ன செய்யலாம்?

சிலர் தொழில்பயிற்சிக்கு மாறுகிறார்கள். செவிலியர் பயிற்சி, மழலையர் பள்ளி ஆசிரியர் பயிற்சி இரண்டுக்கும் அங்கே ஆள் தேவை. அதற்கு ஏ1-ஐவிட இரண்டு படி மேலான பி1 நிலை ஜெர்மனாவது வேண்டும், பல இடங்களில் அதற்கும் அடுத்த படியான பி2 கேட்கிறார்கள். எனவே மொழி வகுப்பை நடுவில் விடாதீர்கள், ஏழாவது எட்டாவது மாதத்திலேயே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். ஊருக்குத் திரும்புகிறவர்கள் புறப்படும் முன் பி1 தேர்வை அங்கேயே எழுதிச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். குடும்பத்திடம் நன்னடத்தைக் கடிதம் ஒன்று கையெழுத்தோடு கேளுங்கள். முகவரிப் பதிவை ரத்து செய்யவும், வங்கிக் கணக்கை மூடவும் கடைசி வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கிவையுங்கள். ரயில் சந்தாவையும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.